காத்திருப்பு அறையில் மாட்டிய காடு

பாளையங்கோட்டையில் நான் பல் ஆஸ்பத்திரி ஆரம்பித்து ஆறாவது வருஷம் அந்தப் படத்தை வாங்கினேன். அதுவரைக்கும் காத்திருப்பு அறைச் சுவரில் ஏதோ ஒரு பற்பசைக் கம்பெனி கொடுத்த போஸ்டர்தான் இருந்தது. அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருக்கிறவர் எதிரே நாலு பேர் அப்படிச் சிரிப்பது நியாயமே இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாகப் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மழைக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒதுங்கினேன். உள்ளே உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். நெல்லையப்பர் கோயில் கோபுரம் ஏழெட்டு, தாமிரபரணிப் பாலம் நாலைந்து, ரோஜாப்பூ எண்ணிக்கையில்லாமல். எல்லாவற்றையும் பார்த்து முடித்தும் மழை விடவில்லை. கடைசி மூலையில், சட்டம் போடாமல் இரண்டு கிளிப்பில் ஒரு கறுப்புப் படம் தொங்கியது.

காடுதான். ஆனால் பச்சை என்பது மருந்துக்கும் இல்லை. மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் மரம் என்று கறுப்பாக நின்றது. நடுநடுவே பனி புகுந்தது மாதிரி வெள்ளைக் கீற்றுகள். பறவை கிடையாது, பாதை கிடையாது, வானமும் கிடையாது. கீழே பென்சிலில் 3/12 என்று எழுதி, பக்கத்தில் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. பன்னிரண்டு பிரதி அச்சடித்ததில் இது மூன்றாவது என்று அங்கிருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் விளக்கினார்.

எனக்கு அந்த இருட்டுதான் பிடித்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பளீரென்ற விளக்கைப் பிறத்தியார் வாய்க்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். கண்ணுக்கு ஒரு நிழல் வேண்டியிருந்தது. அங்கேயே வாங்கி, பாலிதீன் பையில் சுருட்டி, மழையோடு வீட்டுக்கு வந்தேன்.

சிரிக்கிற குடும்பத்தைக் கழற்றிவிட்டுக் காட்டை மாட்டிய அன்றே எதிர்ப்பு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, மருந்து எழுதிய சீட்டைப் புரியும்படி விளக்குவது, அடம்பிடிக்கும் நோயாளிகளை மிரட்டுவது எல்லாமே பத்தமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்காதான். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, பல்லுப் புடுங்க வாரவளே பாதி உசுரோடதான் வாரா. மிச்ச உசுரையும் இங்கனயே எடுத்துரணும்னு நெனைக்கியளா?"

பழகிவிடும் என்றேன். மறுநாள் காலையில் போனால் காட்டின் மேல் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. கழற்றினேன். அதற்கடுத்த நாள் பிளாஸ்டிக் பூச்சரம். அதையும் கழற்றினேன். எங்களுக்குள் வாய்ப்பேச்சு எதுவும் இல்லை. அவர் மாட்டுவார், நான் எடுப்பேன். அந்த வாரம் யார் வராமல் போனாலும் காரணம் படம்தான் என்று என் காதில் விழும்படி போனில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையை மாற்றியது ஓர் அண்ணாச்சி. வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் கிடையாது என்பதால் அவர் பேசுவதில் பாதி காற்றாகத்தான் வரும். படத்துக்கு முன்னால் போய் நின்றவர் டோக்கன் கூப்பிட்டும் நகரவில்லை.

"இது காரையாறுக்கு மேல உள்ள காடுல்லா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள ஒரு ஆளு நிக்கான்," என்றார்.

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். கன்னத்தில் துண்டு கட்டியிருந்தவர், பஞ்சு கடித்துக்கொண்டிருந்த பெண், எல்லோரும் படத்தைச் சுற்றி நின்றார்கள். எங்கன, எங்கன என்று ஒரே பேச்சு. ஒவ்வொருவராக ஆளைக் கண்டுபிடித்தார்கள். நான் கையுறையோடு கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து காத்திருப்பு அறையின் போக்கே மாறிவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம் பழைய நோயாளிகள், உள்ளே ஓர் ஆள் நிற்கிறான், முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று சவால் விட்டார்கள். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா அது மாதாவேதான் என்று விரலை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். குடம் தூக்கிய பெண்பிள்ளை என்றார் ஒரு டீச்சர். டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் உற்றுப் பார்த்துவிட்டு, வீட்டு விசேஷத்துக்கு வந்தால் சாப்பிட்டதும் சொல்லாமல் கிளம்பிப் போகும் தன் மச்சான் சரியாக இப்படித்தான் நிற்பான் என்றார். நேரத்துக்கு வராதவர்கள் அரைமணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார்கள். பத்தமடை அக்காவும் ஒரு நாள், யாரும் இல்லாத சமயத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே போனார். திரும்பி வந்து, "நிக்கத்தான் செய்யுதான்," என்று மட்டும் சொன்னார். காலண்டர் மாட்டுவது அதோடு நின்றது.

என் கண்ணுக்கு மட்டும் யாரும் தெரியவில்லை.

இது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எக்ஸ்ரேயில் கடுகளவு நிழலைப் பார்த்து, இங்கே சொத்தை தொடங்கியிருக்கிறது என்று சொல்கிறவள் நான். யாராவது கேட்டால், "ஆமா, இடது பக்கம்தானே," என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டுப் படத்தைக் கழற்றி, நோயாளி நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கைப் போட்டு, பல் பார்க்கிற கண்ணாடியால் ஓரம் ஓரமாகத் தேடினேன். மரம்தான் இருந்தது. இதைச் செய்தவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

டிராயிங் மாஸ்டரிடமிருந்து நம்பர் கிடைத்தது. ஆழ்வார்குறிச்சிக்காரர், பேசக் கொஞ்சம் கூச்சப்படுவார் என்றார். போன் போட்டேன். வணக்கம், நான் பாளையங்கோட்டையிலிருந்து பல் டாக்டர் பேசுகிறேன் என்றேன். லைன் கட்டானது. சிக்னல் இல்லைபோல என்று மறுபடி போட்டேன். பல் டாக்டர் என்றதும் மறுபடியும் கட்டானது. மூன்றாவது தடவை மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. கலைஞர்களுக்குத் தலைக்கனம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் பல் டாக்டர்கள் மேல் தனியாக ஒரு தலைக்கனம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும் பட்டுப்புடவையோடு ஆழ்வார்குறிச்சிக்குக் காரை விட்டேன். ஓவியர் வீடு எது என்று விசாரித்தால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. படம் வரைவார், அச்சடிப்பார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு டீக்கடைக்காரருக்கு விளங்கியது. "மாட்டுக்கு ஊசி போடுதவரா? அப்படிச் சொல்லுங்க," என்று வழி காட்டினார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பல் டாக்டர் என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது, பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்த அம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஓடிட்டாவ," என்றார். "நான் சொல்லித்தான் நீங்க வந்திருக்கியன்னு நெனச்சிருப்பாவ. உள்ள வாங்க."

உள்ளே உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கணவர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். நாலு வருஷமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு, உப்புத்தண்ணீர், மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஆள் இருக்கமாட்டார். "திமிருற காளைக்கு ஊசி போடுவாவ. மாட்டு வாய்க்குள்ள முழங்கை வரைக்கும் கைய விடுவாவ. தன் வாய்க்குள்ள ஒரு டார்ச் வெளிச்சம் விட மாட்டாவ, டாக்டரம்மா."

நான் வந்தது பல்லுக்காக இல்லை, படத்துக்காக என்று பின்வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவருடைய காட்டை வாங்கி மாட்டியிருக்கிறேன், அதைப் பற்றி ஒரு சந்தேகம், அவ்வளவுதான் என்றேன். பிறகு கதவு பைய திறந்தது. நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் ஆள், நல்ல ஆஜானுபாகு, இடது கன்னத்தில் துண்டை ஒற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். என் கையில் பை எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாசலுக்குப் பக்கத்தில்தான்.

படம் நன்றாக மாட்டியிருக்கிறதா, வெயில் படாமல் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். பிறகு எப்படிச் செய்தார் என்று சொல்ல ஆரம்பித்ததும் துண்டு கீழே இறங்கிவிட்டது. லினோலியம் என்று ரப்பர் மாதிரி ஒரு தகடு. அதில் கூர்மையான சின்ன உளியால் செதுக்குவார். மேலே மை உருட்டி, தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுப்பார். செதுக்கிய இடம் வெள்ளையாக வரும், செதுக்காத இடம் கறுப்பாக நிற்கும். தடுப்பூசி போட மலையடிவார ஊர்களுக்குப் போகும்போது கடனாநதி அணைக்கட்டுப் பக்கம் காட்டின் ஓரத்தில் நின்று டீ குடிப்பாராம். அந்தக் காடுதான் இது. உள்ளே போனதில்லை. அட்டை ஏறும் என்று பயம்.

அவ்வளவு இருட்டாக ஏன் செய்தீர்கள், அதில்தான் எனக்கு மனசு நின்றது என்றேன். அவர் தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இருட்டா செய்யணும்னு செய்யலை," என்றார். "இன்னும் நெறைய வெட்டணும்னு இருந்தேன். இலை, கொப்பு, கொஞ்சம் வெளிச்சம் எல்லாம். அந்த மாசம் பல்லு வலி உசுர வாங்கிட்டு. விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்போது கவனத்த மாத்த ஒரு மரம் வெட்டுவேன். பொறவு அதுவும் முடியலை. போதும்னு விட்டுட்டேன்."

நான் மாதக்கணக்காக வியந்த இருட்டு, மனுஷர் வலி தாங்காமல் பாதியில் போட்டுவிட்டுப் போன வேலை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்ததில் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். காட்டுக்குள் ஓர் ஆள் நிற்கிறான் என்கிறார்களே, யார் அது?

"ஆளா?" என்றார். "ஆளு யாரும் வைக்கலையே."

எழுந்து போய்ப் பரண்மேலிருந்து அந்தத் தகட்டையே எடுத்துவந்தார். மை காய்ந்து கறுத்துப்போன தகட்டில் காடு இடவலம் மாறித் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடிவிட்டு, ஓர் இடத்தில் விரலை வைத்தார். இரண்டு மரங்களுக்கு நடுவே விரற்கடை நீளத்துக்கு ஒரு கீறல். ஒரு பெரிய தெறிப்பு வந்தபோது உளி வழுக்கிவிட்டதாம். பன்னிரண்டு பிரதியிலும் அது இருக்கும், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

நான் குனிந்து பார்த்தேன். முதலில் கீறலாகத்தான் இருந்தது. அப்புறம் சட்டென்று தெரிந்தது. ஓர் ஆள், கொஞ்சம் கூனி, ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் எந்தப் பல்லைப் பிடித்திருக்கிறான் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

வாயைத் திற என்று அவரிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. படம் மாட்டியிருக்கிற இடத்தை வந்து பாருங்கள், பார்ப்பதற்கு மட்டும் வந்தால் போதும் என்றேன். மனைவி எனக்குப் பின்னால் நின்று கண்ணால் நன்றி சொன்னார்.

அடுத்த புதன்கிழமை இருவரும் வந்தார்கள். அவர் யாரென்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். பத்தமடை அக்காவுக்கும் சொல்லவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அக்கா இரக்கப்பட்டு, ரொம்ப நேரம் பார்க்காதீங்க, மனசு ஒரு மாதிரி ஆயிரும் என்று புத்தி சொன்னார். வனக்காவலர் அண்ணாச்சியும் அன்றைக்குப் புதுப் பல்செட்டைச் சரிபார்த்துக்கொள்ள வந்திருந்தார். பல்செட்டு பொருந்திவிட்டதால் பேச்சு இப்போது முழுதாக வந்தது. ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்தக் காட்டைப் பற்றி அவருக்கு வகுப்பெடுத்தார். இன்ன மரம், இன்ன ஓடை, இந்தச் சரிவில் மிளா மான் வரும், இதை வரைந்தவன் உள்ளே போய் ரொம்ப நாள் தங்கியிருக்கவேண்டும், தங்காமல் இது வராது.

"அப்படியா அண்ணாச்சி," என்று மட்டும் இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாத்திரக்கடைக்காரர் தன் மச்சானைக் காட்டினார். அது மச்சான் இல்லை, காவல் சாமி என்று இன்னொருவர் மறுத்தார். இரண்டு பேரும் நியாயம் கேட்டு இவரிடம் திரும்பினார்கள். இவர் எழுந்து போய், முதல்தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கான் என்று தீர்ப்புச் சொன்னார். இருவருமே அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரை, மனைவி சத்தமில்லாமல் வாங்கி வைத்திருந்த டோக்கன் நம்பரைச் சொல்லி அக்கா கூப்பிட, தன்னை மறந்து எழுந்து நேராக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். விளக்கைப் போட்டதும்தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் மனைவி கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றுகொண்டார்.

கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு என்னிடம் தொழில்முறையில் ஒரு யோசனை சொன்னார். மாட்டுக்கு ஊசியைக் காட்டக் கூடாது. கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். மூன்றாவது தட்டோடு ஊசி உள்ளே போய்விடவேண்டும். மாட்டுக்குத் தட்டுக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாது.

"அப்ப நானும் தட்டட்டுமா?" என்றேன்.

"தட்டுங்க. கூடவே ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. நான் மாட்டுக்கிட்ட 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ம்பேன்."

கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டினேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றேன். மரத்துப்போகும் ஊசியைப் போட்டு எடுத்த பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது போடப்போகிறீர்கள் என்று கேட்டார். மனைவி கதவோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேரில் சீழ் கட்டியிருந்தது. நாலு வருஷம் அதோடு ஒருவர் எப்படி இருந்தார் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. மூன்று தடவை வரவைத்து, வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே ஒரு தொப்பியும் போட்டுவிட்டேன். கடைசி நாள் போகும்போது வேர்க்கடலை வாங்கி அந்தப் பக்கமாகவே கடித்துக்காட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். வலி திரும்பிவிட்டதோ என்று பதறிக் கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல. ராத்திரி நல்லா தூங்குதாவ, நல்லா சாப்பிடுதாவ. படம்தான் சரியில்லை. ரொம்பச் சிரிச்சாப்புல செய்யுதாவ. யாரும் வாங்க மாட்டங்காவ, டாக்டரம்மா," என்றார். நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிற தொனியாக இருந்தது.

பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். வலியை எடுத்தது நான். அதோடு சேர்ந்து வேறெதையும் எடுத்தேனா என்று அன்றைக்கு முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஓவியருக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை. இப்போதுதான் வெட்டவேண்டியதையெல்லாம் பொறுமையாக வெட்ட முடிகிறது, ஒரு கொப்பு விடுவதில்லை என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் தபாலில் ஒரு சுருள் வந்தது. எனக்கென்று தனியாக ஒரே ஒரு பிரதி போட்டிருந்தார். கடனாநதியில் கொக்குகள். மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு வண்ணம். இருபது கொக்குக்குக் குறையாது, ஒவ்வொன்றின் ஒவ்வொரு இறகையும் செதுக்கியிருந்தார். சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. கொக்குகளின் அலகுகள் எப்படியோ சிரிப்பது மாதிரியே இருந்தன. ஒரு வழுக்கல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. நான் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதற்குள் என்னால் நுழைய முடியவில்லை.

பத்தமடை அக்காவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று. இதுல்லா படம் என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் வீட்டு நடுக்கூடத்தில் அது இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் புகழ்கிறார்களாம்.

சிக்கல் ஒன்றுதான். ஓவியர் ஆறு மாதத்துக்கொரு முறை பல்லைக் காட்ட, யாரும் கூப்பிடாமலே வருகிறார். வரும்போதெல்லாம் கொக்கு எங்கே என்று கேட்கிறார். முதல் தடவை சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரண்டாவது தடவை வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். இப்போதெல்லாம் அவர் வரும் நாளன்று காலையில் அக்கா பத்தமடையிலிருந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறார். எனது அறையில் மாட்டுகிறோம். அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, தன் கொக்குகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய்க்குள் என் கை இருப்பதால் நல்லவேளையாகப் படத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. போன தடவை வாயைக் கொப்பளித்துவிட்டு, அடுத்து மயில் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். நல்லா வரும் என்றேன்.